ஃபைலை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்

குழந்தையாக இருந்தபோது இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது பதினாறு வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கேஸ் ஷீட் வந்து அடையும் இடம் அது. உங்களில் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த வயதில் ஆபரேஷன் ஆனது, இதய-நுரையீரல் இயந்திரத்தில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள், எத்தனையாவது நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டீர்கள் என்பதெல்லாம் தாளில் இருக்கும். படித்திருக்கிறேன்.

சில ஆண்டுகளாக எங்கள் ஜன்னலுக்கு உங்கள் வயதுக்காரர்கள் தனியாக வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட். இன்னொருவருக்கு வெளியூரில் புது டாக்டர் பழைய விவரம் கேட்டிருக்கிறார். வேறொரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"என்ன ஆபரேஷன்மா?"

"இதயத்துல ஓட்டைன்னு பண்ணாங்க."

"எந்த வருஷம்?"

"ரொம்பச் சின்ன வயசுல."

"எந்த டாக்டர், என்ன மாத்திரை சாப்பிட்டே?"

"அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும்."

உடனே அம்மாவுக்கு போன் போகும். அம்மா எல்லாவற்றையும் சொல்வார், தேதி உட்பட. சில அம்மாக்கள் எக்கோவில் வந்த எண்ணைக்கூடச் சொல்வார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பாக இருக்கும், ஆனால் தன் பிள்ளையின் இதயத்தைப் பற்றி மட்டும் ஒரு பயிற்சி டாக்டர் அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பார். அந்த அறிவு இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தலைமுறை தமிழ்நாட்டில் புதிது. 2008-இல் பிள்ளைகளுக்கு இலவசமாக இதய அறுவை சிகிச்சை செய்யும் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டே காப்பீட்டுத் திட்டம் வந்தது, இன்றைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று அழைக்கப்படுவது. அதற்கு முன் இந்த ஆபரேஷனுக்காகக் காணியை விற்ற குடும்பங்கள் உண்டு. விற்கக் காணி இல்லாத பல வீடுகளில் பிள்ளை தங்கவில்லை. திட்டங்கள் வந்த பிறகு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்கள் எல்லோரும் இப்போது ஒரே நேரத்தில் பெரியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அதற்கான ஏற்பாடு எங்கேயும் முழுமையாக இல்லை. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு பெரும்பாலும் பன்னிரண்டு வயதோடு முடிகிறது. உங்களை முதலிலிருந்து பார்த்த குழந்தை இதய மருத்துவர் பழகிய பாசத்தில் பதினெட்டு வரை இழுத்துக்கொண்டு போவார். பள்ளிக்கு வந்து பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. குழுவின் கணக்கும் பதினெட்டோடு சரி. பிறகு ஒரு நாள், "இனிமே பெரியவங்க கார்டியாலஜிக்குப் போப்பா" என்று ஓ.பி. சீட்டில் எழுதித் தருவார்கள்.

அந்தப் புது வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் அறுபது வயதுக்காரர்கள். மாரடைப்பு, ஸ்டென்ட், சர்க்கரை. அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் நாள் முழுக்கப் பார்ப்பது அடைப்பு விழுந்த இதயங்களை. பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்து, கத்திபட்டுச் சீர்செய்யப்பட்ட இதயம் அவர் முன்னால் வருவது அபூர்வம். உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், "சின்ன வயசுல ஓட்டைக்கு ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? மேலறைகளுக்கு நடுவில் இருந்த ஓட்டையா, கீழறைகளுக்கு நடுவிலா, நான்கு குறைகள் சேர்ந்துவரும் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோவா என்பது அந்தப் பதிலில் இல்லை. மூன்றுக்கும் பிற்காலம் வேறு வேறு.

சாதாரண மேலறை ஓட்டையைச் சிறு வயதிலேயே அடைத்திருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது, நிம்மதியாக இருக்கலாம். ஃபாலோ அப்படி இல்லை. அதில் கீழறை ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை அகலமாக்குவார்கள். அகலமாக்கும்போது பலருக்கு அங்கிருக்கும் வால்வு முழுசாக மூட முடியாமல் ஆகிவிடும். நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வலது கீழறைக்கே ஒழுகும். பத்து, இருபது வருடத்துக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது. கபடி ஆடலாம், பேருந்தைத் துரத்திப் பிடிக்கலாம். உள்ளே வலது கீழறை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் புது வால்வு வைக்க வேண்டி வரலாம். ரொம்ப முன்னால் வைத்தால் அந்த வால்வும் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டும், ரொம்பத் தாமதித்தால் விரிந்த கீழறை பழைய நிலைக்குத் திரும்பாது. சரியான நேரம் எது என்று முடிவு செய்ய இன்றைய எக்கோ, எம்.ஆர்.ஐ. அளவு மட்டும் போதாது. மூன்று வருடத்துக்கு முன் எவ்வளவு, ஏழு வருடத்துக்கு முன் எவ்வளவு என்று வேண்டும். அது உங்கள் ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஃபாலோ ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்தால் வலது பண்டில் பிராஞ்ச் பிளாக் என்று வருவது வழக்கம். ஆபரேஷனால் வந்தது, உங்களுக்கு அதுதான் இயல்பு. ஒரு நாள் தேர்வுப் பதற்றத்தில் நெஞ்சு படபடத்து ஏதோ ஊரில் அவசரப் பிரிவுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் அந்த ஈ.சி.ஜி.யைப் பார்த்துத் திகைப்பார், இது புதிதா பழசா என்று. பழைய ஈ.சி.ஜி.யின் படம் உங்கள் போனில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் படபடப்பும் மயக்கமும் வந்தால் "இது எனக்கு எப்பவும் இருக்கிறதுதான்" என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் படுத்துவிட வேண்டாம். இதயத் துடிப்பு தாறுமாறாவது இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிற்காலத்தில் வரக்கூடியது.

ரத்த அழுத்தம் பார்ப்பதிலும் இப்படி ஒன்று உண்டு. முழு ஆபரேஷனுக்கு முன்னால், நீலம் பாரித்த கைக்குழந்தைகளுக்குக் கைக்குப் போகும் ரத்தக்குழாயிலிருந்து நுரையீரலுக்கு ஒரு குறுக்குவழி போட்டுத் தாக்குப்பிடிக்க வைப்பார்கள். 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதலில் செய்த முறை. பிளேலாக் என்ற அறுவை மருத்துவர், டாசிக் என்ற குழந்தை மருத்துவர் இருவர் பெயரும் அதற்கு வைக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து செய்து பழகி, ஆபரேஷன் மேசையில் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழிகாட்டிய விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளரின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் ரொம்பப் பிற்பாடுதான் வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குறுக்குவழி போட்ட பக்கத்துக் கையில் பி.பி. எடுத்தால் உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டலாம். பெருந்தமனிச் சுருக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் எந்தக் கையில் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். உங்களுக்கு எந்தக் கை? இது ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டிய செய்தி, அது இல்லாவிட்டால் தப்பான எண்ணை நம்பி மருந்தை முடிவு செய்துவிடக்கூடும்.

ஒற்றைக் கீழறையோடு பிறந்து ஃபோன்டான் ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அளவு எப்போதும் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். விரலில் கருவியை மாட்டும் நர்ஸ் பதறுவார். உங்கள் வழக்கமான அளவு என்ன என்பது எழுத்தில் இருந்தால் பதறத் தேவையில்லை. வலப்பக்க ரத்தம் இடப்பக்கம் கலக்கும் வழி இன்னும் திறந்திருப்பவர்களுக்கு, சலைன் குழாயில் போகும் சின்னக் காற்றுக்குமிழிகூட மூளைக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. கையில் ஊசி குத்துகிறவரிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில் சலைன் ஏற்றும் தெருமுனை கிளினிக்கில் உங்கள் கேஸ் ஷீட் இருக்காது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இப்படிப் பிறவி இதயக் குறையோடு பிறந்து வளர்ந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஆறு வயதுக்குப் பிறகு இதய மருத்துவரிடம் போகாமல் நின்றவர்கள் 28 விழுக்காடு. பதிமூன்றுக்குப் பிறகு 47. பதினெட்டுக்குப் பிறகு 61. அங்கே மருத்துவம் இலவசம். காசு இல்லாமல் நின்றவர்கள் இல்லை அவர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் வேறொரு காரணமும் சேர்கிறது. அதைப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பெண் வயதுக்கு வந்து சில வருடங்களில், வரன் பார்க்கத் தொடங்கும்போது, வீட்டிலிருக்கும் ஃபைல் காணாமல் போகிறது. பரணுக்குப் போகும், சித்தி வீட்டுக்குப் போகும், சில வீடுகளில் அடுப்புக்கே போகும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பையன்கள் வீட்டிலும் இது உண்டு, குறைவாக. இப்படிச் செய்த பெற்றோரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வெளியில் நின்றவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளை மற்றவர்களைப் போல ஒரு வாழ்க்கைக்குள் போய்விட வேண்டும், பழைய கதை அங்கே வரக் கூடாது என்று நினைக்கிறார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஃபைலை மறைத்தால் அது சம்பந்தி வீட்டாரிடமிருந்து மட்டும் மறையாது. பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடமிருந்தும் மறைந்துவிடும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயத்துக்கு வேலை அதிகமாகிறது. சீர்செய்த இதயங்களில் பெரும்பாலானவை அதைத் தாங்கிவிடும். சில தாங்காது. நுரையீரல் ரத்த அழுத்தம் மிகவும் ஏறிப்போனவர்களுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. யார் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லப்போவது அந்தத் தாள்கள்தான். உலோக வால்வுக்காக வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்கள், கருத்தரித்த பிறகு அல்ல, அதைப் பற்றி யோசிக்கும்போதே டாக்டரிடம் பேச வேண்டும், ஏனென்றால் இந்த மருந்துகள் கருவைப் பாதிக்கும். அதற்காகப் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது, வால்வுக்கான மருந்தை விட்டால் வால்வில் ரத்தம் கட்டிவிடலாம். கருத்தடை மாத்திரையிலும் எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவராது. இதையெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் எப்படிக் கேட்பாள்? அதனால் அடுத்த முறை போகும்போது, முதல் ஐந்து நிமிடம் நான் மட்டும் உள்ளே போகிறேன் என்று சொல்லிப் பழகுங்கள். அம்மாவுக்கு முதலில் சுருக்கென்று இருக்கும். பழகிவிடும்.

கட்டிக்கப்போகிறவரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். சொல்லிவிடுவது நல்லது என்பது என் சொந்த எண்ணம், அவ்வளவுதான். காகிதத்தை அழிப்பது மட்டும் யாருடைய முடிவாகவும் இருக்கக் கூடாது.

அழிந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், எங்கள் பக்கத்து விதியைச் சொல்கிறேன். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நோயாளியின் பதிவுகளை டாக்டர் வைத்திருக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம். பல மருத்துவமனைகள் அதற்கு மேலும் வைத்திருக்கின்றன, இதயப் பிரிவுகளில் சற்று அதிகமாகவே. ஆனாலும் இரண்டு வயதில் ஆபரேஷன் ஆன ஒருவர் பதினெட்டு வயதில் வந்து கேட்டால், இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ரேஷன் கார்டும் பட்டாவும் மதிப்பெண் சான்றிதழும் போனவர்களுக்கு மாற்று வழங்க அரசு முகாம் போட்டது. எக்கோ ரிப்போர்ட்டுக்கு அப்படி முகாம் போட யாராலும் முடியாது.

இருக்கும் தாள்களைக் காப்பாற்றும் விதத்திலும் ஒரு பக்குவம் வேண்டும். ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வகை. சில வருடங்களில் வெளிறிப்போய் வெறும் தாளாகிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும், கவனம். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள். கதீட்டர் பரிசோதனை செய்தவர்களுக்கு ஒரு சி.டி. கொடுத்திருப்பார்கள். இப்போது வரும் லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை. சி.டி. படிக்கும் பழைய கம்ப்யூட்டர் இருக்கும் பிரௌசிங் சென்டர் இன்னும் ஒன்றிரண்டு இருக்கும்போதே பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைப்பது சேமிப்பு ஆகாது. சுருங்கிப்போன படத்தில் சின்ன எழுத்து தெரியாது, போன் மாறினால் அதுவும் போய்விடும். பி.டி.எஃப். ஆக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அம்மாவுடையதற்கு அல்ல. 2021-இல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆபா என்ற மருத்துவக் கணக்கு எண் பதினான்கு இலக்கம் கொண்டது. அதில் பதிவுகளை இணைத்துவைக்கலாம், நல்ல வசதிதான். ஆனால் எண்ணை மட்டும் வாங்கிவைத்து உள்ளே ஒரு தாளும் இல்லாமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முழு ஃபைல் வீட்டில் இருக்கட்டும். பர்ஸிலும் போனிலும் ஒரே ஒரு பக்கம் வேண்டும். நோயின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிற அதே ஆங்கிலத்தில், ஒரு எழுத்தும் பிசகாமல் எடுத்தெழுதுங்கள். செய்த ஆபரேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் வருடம், மருத்துவமனை. உள்ளே வைத்த பொருள் எதுவானாலும், வால்வோ பேஸ்மேக்கரோ அடைப்பானோ, கம்பெனி பெயர், மாடல், அளவு. எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இன்று சாப்பிடும் மாத்திரை, அதன் அளவு, எதற்காக. ஒவ்வாத மருந்து. கடைசி எக்கோவின் தேதியும் சுருக்கமும். வழக்கமான ஆக்சிஜன் அளவு, பி.பி. எடுக்க வேண்டிய கை. பல் பிடுங்கும் முன் நோய்க்கிருமிக்கு எதிரான மருந்து வேண்டுமா என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டு ஆமாம் அல்லது வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் தேவையில்லை. செயற்கை வால்வு இருப்பவர்கள், முன்பு இதய உட்சவ்வில் தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்குக் கட்டாயம். கடைசியாக உங்களைப் பழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் பெயர்.

அந்தப் பக்கத்தை நீங்களே எழுத வேண்டும். அக்கா எழுதித் தர வேண்டாம், இன்டர்நெட் சென்டரில் டைப் அடித்து வாங்கவும் வேண்டாம். எழுத உட்கார்ந்தால்தான் எது தெரியவில்லை என்று தெரியும். தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாததைக் குழந்தை இதய டாக்டரிடம் கேளுங்கள், உங்களை அனுப்பிவிடும் முன்னாலேயே. அவரிடம் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும்: புது டாக்டருக்கு ஒரு கடிதம். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், பெரியவர்களான பிறவி இதயக் குறைக்காரர்களைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் யார், எங்கே என்று அதில் இருக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் "கார்டியாலஜிக்கு அனுப்பவும்" என்ற ஒற்றை வரியோடு கிளம்பிவிடாதீர்கள்.

எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. உங்கள் பதிவைக் கேட்கும் உரிமை உங்களுடையது. அதே 2002 நெறிமுறை, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது. எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். ஆதாரைக் கொண்டுவாருங்கள், ஆனால் அதிலிருக்கும் பெயரை மட்டும் நம்பி வராதீர்கள். பிறந்த சில நாளில் சேர்த்திருந்தால் எங்கள் பதிவேட்டில் உங்களுக்குப் பெயரே இருக்காது, "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மா பெயர் இருக்கும். அப்போது வைத்த பெயர் பிறகு ஜோசியர் சொல்லி மாறியிருக்கும். இனிஷியல் முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கும். அதனால் அம்மா பெயர், அப்பா பெயர், அப்போதைய ஊர், காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் எண், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வருடம் நினைவில்லை என்றால் எந்தத் தீபாவளிக்கு முன்னால், தம்பி பிறந்ததற்கு முன்னாலா பின்னாலா என்று வீட்டில் கேட்டால் வந்துவிடும். விண்ணப்பத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி என்று மட்டும் எழுதினால் அது மட்டும்தான் கிடைக்கும். அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்கோ, கதீட்டர் அறிக்கை, உள்ளே வைத்த பொருளின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்த ஸ்டிக்கர் பக்கத்தை யாரும் கேட்பதே இல்லை, கேஸ் ஷீட்டின் கடைசியில் இருக்கும்.

அன்புடன்,
ஆவணப் பிரிவிலிருந்து ஓர் ஊழியர்